பதினாலாவது தட்டில் ஹைலம்

தங்கப்பழம் மேசை மணியின் தலையில் ஓங்கித் தட்டினான், தேவைக்கு மேலாகவே ஓங்கி. இருபது பிள்ளைகளும் துள்ளி விழுந்து ஆளுக்கு ஒரு தட்டு நகர்ந்தார்கள். துள்ளட்டும். ஒரு நிமிஷத்துக்கு ஒரு தட்டு, இருபது தட்டுக்கு இருபது நிமிஷம், கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து கடிகார முள்ளைப் பார்த்து மணியைத் தட்டுவதுதான் அவன் வேலை, மற்றது எதுவும் அவன் வேலை இல்லை என்று காலையில்தான் டாக்டர் வசுமதி சொல்லியிருக்கிறாள், அதுவும் பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருக்கிற பெரிய புரொபசர் முன்னால் வைத்து. ஆகவே அவன் பதினாலாவது தட்டைப் பார்க்கக் கூடாது. ஒன்றாவது தட்டில் துடையெலும்பு, இரண்டில் நுரையீரல், மூன்றில் மண்ணீரல், ஒவ்வொன்றிலும் குண்டூசியில் ஒட்டிய சிவப்புக் காகிதக் கொடி, கொடி நிற்கும் இடத்தின் பெயரை எழுத வேண்டும், உறுப்பு எந்தப் பக்கத்தது என்று எழுத வேண்டும், இரண்டு மார்க். கொடிகளை வெட்டி ஒட்டியது அவன். உறுப்புகளைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தது அவன். இந்த அனாடமி ஹாலில் பதினொரு வருஷமாக அட்டெண்டர், அதற்கு முன்னால் பதினொரு வருஷம் இதே ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் ராத்திரி ஷிப்டு. வந்திருக்கிற இருபது பேரும் ஒரு தடவை தோற்றுவிட்டு மறுபடி எழுதுகிறவர்கள், இதிலும் போனால் ஜூனியர் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும், அந்தப் பயம் பார்மலின் வாடையையும் மீறி அடிக்கிறது. மூக்கைப் பொத்துகிறான் ஒருத்தன். பொத்துடே, பொத்து. உனக்கு ஒரு மணி நேரம் எரிகிறது, எனக்கு வீட்டில் சோறு திங்கும்போதும் எரிகிறது. அவன் கண் தானாகப் பதினாலுக்குப் போய்விட்டது. இழுத்துக்கொண்டுவந்து முள்ளின் மேல் வைத்தான். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, தட்டு.

பதினாலில் கிடப்பது ஒரு சிறுநீரகம். சாதாரண சிறுநீரகம், பார்மலினில் கிடந்து பழுத்த பலாக்கொட்டை நிறம். அதன் உள்வளைவில், ரத்தக்குழாய்கள் போய் வருகிற அந்தக் குழிவில்தான் கொடி குத்தியிருக்கிறான், ஹைலம். அதில் தப்பில்லை. தப்பு அது கிடக்கிற கிடப்பில். முன்பக்கம் ஒரு கிழிசல், போன வருஷம் வாளி விளிம்பில் மாட்டிக் கிழிந்தது, விரல் நுழைகிற அளவுக்கு. வெளியூர்க்காரர் பார்த்தால் என்ன நினைப்பார், உங்க காலேஜில் முழுசா ஒரு கிட்னிகூடக் கிடையாதா என்று கேட்பார், டிபார்ட்மெண்டுக்கு அசிங்கம் — அந்த நேரத்தில் டிபார்ட்மெண்ட் மானம் அவனுக்கு எதற்கு, யார் கேட்டார்கள், ஆனாலும் கை தானாகவே அதைப் புரட்டிவிட்டது. கிழிசல் அடியில் போய்விட்டது. குப்புறப் படுக்க வைத்துவிட்டான். கொடியைக் குத்திவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டான். ஒன்பது மணிக்கு வசுமதி சரியான விடைகளின் கீயை எழுத வந்தாள், தட்டுத் தட்டாக நடந்துகொண்டே, கையில் காபி, காதில் போன். பதினாலில் நின்றது இரண்டு நொடி இருக்குமா? சிறுநீர்க்குழாய் கீழே தொங்குகிறது, ஹைலம் இடப்பக்கம் பார்க்கிறது, இடது சிறுநீரகம் என்று எழுதிவிட்டாள். மல்லாந்து கிடந்திருந்தால் இடதுதான். குப்புறக் கிடந்தால் அதே கிடப்பில் அது வலது. அவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பேனா ஓடுவதைப் பார்த்தான். “மேடம், அந்தப் பதினாலு...” என்று ஆரம்பித்தான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. “தங்கப்பழம், பெல் அடிக்க ஆள் வேணும்னுதான் உன்னை உள்ள விட்டிருக்கேன்” என்றாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, “டேபிள் தொடைக்கிற ஆளு சார், எனக்கே அனாடமி எடுப்பாரு” என்றாள். பெரியவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, வடையைத் தின்றுகொண்டே சிரிக்கிற சிரிப்பு, அதுதான் நெஞ்சில் நின்றது. தட்டு. நகருங்கடே.

ஹைலம். அந்தச் சொல்லை அவன் மார்ச்சுவரியில் வைத்துத்தான் முதலில் வாசித்தான், எவனோ விட்டுப்போன அட்டை கிழிந்த புத்தகத்தில், ஒரு பக்கம் இங்கிலீஷ் புத்தகம், மடியில் டிக்‌ஷனரி, எதிரே மேசையில் வெள்ளைத் துணிக்கடியில் யாரோ ஒருத்தர். நுரையீரலுக்கு ஹைலம் உண்டு, மூச்சுக்குழல் நுழைகிற இடம். சிறுநீரகத்துக்கு உண்டு. மண்ணீரலுக்கு உண்டு. கழுத்தில் நெறி கட்டினால் தடவிப் பார்க்கிறோமே அந்த நிணநீர்க் கணுவுக்கும் உண்டு, கடுகளவு கணுவுக்கும் ஒரு வாசல். எது உள்ளே போனாலும் எது வெளியே வந்தாலும் அந்த ஒரே குழிவு வழிதான், மற்ற இடமெல்லாம் வழவழவென்று மூடிக் கிடக்கும், உறை போட்டுக்கொண்டு, யாரையும் அண்டவிடாமல். அப்புறம் ஒருநாள் வாசித்தான், விதைக்கும் ஹைலம் உண்டாம், மொச்சையில் கறுப்பாக ஒரு தழும்பு இருக்கிறதே, காயில் ஒட்டியிருந்த இடம், அதுவும் ஹைலம்தான். அன்றைக்கு மத்தியானம் குழம்பிலிருந்து மொச்சையைப் பொறுக்கிப் பொறுக்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். “திங்கதுக்குத்தான் வச்சிருக்கேன், பரீட்சைக்கு இல்ல” என்றாள் அவன் மனைவி செல்லக்கிளி. அவளுக்குச் சொல்லிப் பார்த்தான், தாயிடமிருந்து பிரிந்த விதைக்கு அது வடு, உயிரோடு ஓடுகிற உறுப்புக்கு அது வாசல், ரெண்டுக்கும் ஒரே பேரு பாத்தியா. அவள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றும் டிக்‌ஷனரியில் தேடினான், அற்பம் என்று போட்டிருந்தது, துளியூண்டு சங்கதி, ஒன்றுமே இல்லை என்று சொல்ல வேண்டுமானால் லத்தீன்காரன் ‘ஹைலம்கூட இல்லை’ என்பானாம். ராத்திரி மூன்று மணிக்கு அதை வாசித்துவிட்டு ஏனோ வயிறு எரிந்தது. எல்லாம் போய் வருகிற இடத்துக்கு அற்பம் என்று பெயர் வைத்தவன் எவன்? பெரிய இடத்தில் இருந்தவனாகத்தான் இருக்க வேண்டும். தட்டு. ஆறு முடிந்து ஏழு.

வலதுதானா அது? இந்தக் கேள்வி எப்போது உள்ளே நுழைந்தது என்று தெரியவில்லை, எட்டாவது மணிக்கும் ஒன்பதாவது மணிக்கும் நடுவில், கொசு மாதிரி. தொட்டியில் கிடக்கும் சிறுநீரகங்களுக்கு அவன் நூல் கட்டி வைப்பது வழக்கம், வலதுக்கு வெள்ளை நூல், இடதுக்குக் கறுப்பு நூல், வேறு யாருக்கும் அந்தக் கணக்கு தெரியாது, பரீட்சையன்று நூலை அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்றைக்கு இரண்டு எடுத்தான், ஒன்று ஆறாவது தட்டுக்கு, நெடுக்க வெட்டியது, மற்றது பதினாலுக்கு. இரண்டு நூலும் சட்டைப்பையில் கிடக்கின்றன. விரலை விட்டுத் தடவினான். வெள்ளையும் கறுப்பும் தடவினால் ஒன்றுதான். எது எதில் இருந்தது? பதினாலில் வெள்ளை. வெள்ளைதான். கத்தரிக்கோலை வைத்தபோது ஈர நூல் வழுக்கியது, அது வெள்ளையா? ஒருவேளை ஆறில்தான் வெள்ளையோ, ஒருவேளை வசுமதி எழுதியதுதான் சரியோ, அவள் எம்.டி. படித்தவள், அவன் எட்டாவதில் நின்றவன், ஒட்டுக் கேட்டுப் படித்தவன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஒருத்தியைத் தப்பு என்று சொல்லலாமா, சொல்லி அது தப்பாகப் போனால்? போன மாசம்தான் மெமோ கொடுத்தாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தொட்டியோரம் நின்று கல்லீரலைக் காட்டிக்கொண்டிருந்தான் என்று, ‘தகுதியற்ற நபர் பாடம் நடத்தியது’, அந்த வாக்கியம் அவனுக்கு மனப்பாடம். அடுத்தது மறுபடி மார்ச்சுவரி, ராத்திரி, அவளே சொல்லியிருக்கிறாள். மறுபடி அந்த டியூப் லைட். மறுபடி அந்த வெளிக்கேட்டைத் தட்டிக்கொண்டு நிற்கிற சொந்தக்காரர்களின் முகம். அங்கே போனால் செத்துப்போவேன் என்று நினைத்தான், பிறகு, செத்துப்போனாலும் அங்கேதான் கொண்டுபோவார்கள் என்று தோன்றி வாய்க்குள் ஒரு சிரிப்பு கசந்தது. நூலை விடு. குழாயை நினை. ஹைலத்தில் முன்னால் சிரை, நடுவில் தமனி, பின்னால் சிறுநீர்க்குழாய், அது விரிந்து புனல் மாதிரி நிற்கும். கிழிசல் இருந்தது சிரைப் பக்கம். கிழிசலை அடியில் போட்டான். அப்படியானால் மேலே தெரிவது புனல். புனல் மேலே தெரிந்தால் குப்புற. குப்புறக் கிடந்து ஹைலம் இடப்பக்கம் பார்த்தால்... ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வலக்கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக்கு மேலே, விலாவுக்குக் கீழே பொத்தி வைத்துப் பார்த்தான், உள்வளைவு முதுகெலும்பைப் பார்க்க, குழாய் கீழே போக, புனல் முதுகுப் பக்கம். பொருந்தியது. வலது. சாமி சத்தியமாக வலது. “என்ன தங்கப்பழம், முதுகு சொறியறியா? பெல்!” என்றாள் வசுமதி ஹாலின் அந்தக் கோடியிலிருந்து. ஐந்து நொடி தாமதமாகிவிட்டது. தட்டினான். சில பிள்ளைகள் சிரித்தார்கள். தோற்றவர்களுக்கும் சிரிக்க ஒருத்தன் வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு அவன் மறைக்காமலே பார்த்தான். பதினாலுக்கு யார் வந்தாலும் ஒரே மாதிரிதான், வருகிறான், கொடியைப் பார்க்கிறான், ஹைலம் என்று எழுதுகிறான், தலையைச் சாய்க்கிறான், இடது என்று எழுதுகிறான், மிச்ச நேரம் நகத்தைக் கடிக்கிறான். ஒருத்தரும் குனியவில்லை. அப்படியென்றால் கீயில் உள்ள தப்பால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மேடம் தப்பாகப் பார்த்தாள், பிள்ளைகளும் தப்பாகப் பார்க்கிறார்கள், தப்பும் தப்பும் சேர்ந்து ஆளுக்கொரு மார்க், எல்லாரும் பாஸ், ஊர் ஊராக ஆஸ்பத்திரி வைக்கட்டும், குப்புறக் கிடக்கிறவனை மல்லாந்து கிடக்கிறான் என்று நினைத்து அறுக்கட்டும். உனக்கு என்ன வந்தது? வாயை மூடிக்கொண்டு மணியைத் தட்டு. நிம்மதி மாதிரி ஒன்று வந்தது, வந்த நிமிஷமே போயிற்று, ஏனென்றால் இப்போது பதினாலில் ஜெரால்டு வந்து நின்றான். ஜெரால்டை அவனுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது சின்னச் சொல். நாகர்கோவிலில் அப்பனுக்கு நர்சிங் ஹோம், கையில் கறுப்புக் கண்ணாடி போட்ட வாட்ச். போன வருஷம் ஒரு மத்தியானம், “அண்ணாச்சி, ஹைலம்னா என்னன்னு எங்களுக்குச் சொல்லுங்களேன்” என்று கெஞ்சலாகக் கேட்டான், கூட நாலு பேர். இவனும் மடையன் மாதிரி ஒரு சிறுநீரகத்தைக் கையில் எடுத்து, முன்னால சிரைடே, நடுவுல தமனி, பின்னால குழாய், எந்தப் பக்கம்னு தெரியணும்னா குழாயைப் பாரு, தட்டைப் பார்க்காத, என்று கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னான். மொச்சையையும் சொன்னான். லத்தீனையும் சொன்னான். ஜெரால்டு போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது, ‘புரொபசர் தங்கப்பழம்’ என்று பேர் போட்டு ஹாஸ்டல் முழுக்க ஓடியது, மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவன்கூட “என்னவே ஹைலம், சௌக்கியமா?” என்று கேட்டான். அந்த ஜெரால்டு இப்போது குனிகிறான். முழங்காலை மடக்கிக் கண்ணைத் தட்டு மட்டத்துக்குக் கொண்டுபோகிறான். குழாயைப் பார்க்கிறான். தொடக் கூடாது என்பதால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை. நிமிர்ந்தான், எழுதினான். எழுத்து இத்தனை தூரத்துக்குத் தெரியாது, ஆனால் ‘வலது’ என்று எழுதுகிற கைக்கும் ‘இடது’ என்று எழுதுகிற கைக்கும் வித்தியாசம் இருக்கிறது, அது வலதுதான். நாசமாய்ப் போகிறவன், சரியாக எழுதிவிட்டான். இருபது பேரில் இவன் ஒருத்தன்தான் மார்க்கை இழக்கப்போகிறான், பார்த்து எழுதிய ஒரே குற்றத்துக்காக. இழக்கட்டுமே! நன்றாக இழக்கட்டும், ஜூனியரோடு போய் உட்காரட்டும், அவனையும் நாலு பேர் படம் பிடிக்கட்டும். ஆனால் அவன் எழுதிய வலது என்னுடைய வலது. அவன் தோற்றால் தோற்பது அவன் இல்லை, அன்றைக்கு மத்தியானம் கழுத்து நரம்பு புடைக்க நான் சொன்னது. இது மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது ஜெரால்டு தலையைத் தூக்கி நேராக இவனைப் பார்த்தான். இவனும் பார்த்தான். எவ்வளவு நேரம்? முகத்தை என்ன செய்துகொண்டிருந்தான் என்று தங்கப்பழத்துக்குத் தெரியாது, சொந்த முகம் யாருக்குத் தெரிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது மட்டும் தாடை வலித்த பிறகு தெரிந்தது. கண்ணைப் பிடுங்கிக்கொண்டு முள்ளைப் பார்த்தான். தட்டு.

பதினைந்து, பதினாறு. சொல்லலாம். சொன்னால் நான் புரட்டிப்போட்டதையும் சொல்ல வேண்டும். பதினேழு. சொல்லாவிட்டால் இன்றைக்கு ராத்திரி படுத்துத் தூங்கலாம், சொன்னால் நாளை ராத்திரி தூங்க முடியாது, இனி எந்த ராத்திரியும். பதினெட்டு. அவள் அந்தக் காபிக் கோப்பையைத் தட்டு மேசையிலேயே வைத்திருக்கிறாள், மண்ணீரலுக்குப் பக்கத்தில். பத்தொன்பது. வடையைத் தின்றுகொண்டே சிரித்தாரே. இருபது. தாள்களை வாங்கினான், அடுக்கினான், பிள்ளைகள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்காக வெளியே வராந்தாவில் போய் நின்றார்கள். பெரியவர் மேடம் எழுதிய கீயை எதிரே வைத்துச் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். தங்கப்பழம் தாள்கட்டை அவர் முன் வைத்தான், ஆனால் கையை எடுக்கவில்லை. “ஐயா, பதினாலாம் தட்டு குப்புறக் கிடக்கு. அது வலது கிட்னி. முன்னால கிழிசல் இருந்தது, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான்தான் திருப்பிப் போட்டேன். மேடம் எழுதினது தப்பு” என்றான். கடைசி வாக்கியம் வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம் என்று சொன்ன பிறகு தோன்றியது. வசுமதியின் கழுத்து சிவந்தது. பெரியவர் எழுந்து போய், கையுறைகூடப் போடாமல் சிறுநீரகத்தைத் தூக்கினார், திருப்பினார், கிழிசலுக்குள் விரலை விட்டார், தன் இடுப்போரம் வைத்துப் பார்த்தார். “வலதுதான். கீயை மாத்துங்க மேடம்” என்றார். அவள் அடித்து எழுதினாள், பேனா தாளைக் கிழித்தது. அவன் பக்கம் வந்தபோது, உதடு அசையாமல், “நாளையிலேருந்து மார்ச்சுவரி. நைட்” என்றாள். “சரிங்க மேடம்” என்றான், சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷத்தின் மேல் கோபமாகவும் இருந்தது. பெரியவர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பதினாலுக்கு மட்டும் முதலில் மார்க் போட்டுக்கொண்டு வந்தார். கடைசித் தாளையும் கவிழ்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா வேலை பார்த்த போ. இருபது பேர்ல ஒருத்தன்கூட வலதுன்னு எழுதல. பழைய கீயில எல்லாருக்கும் கிடைச்சிருக்கும், இப்ப எல்லாருக்கும் போச்சு.” “ஒருத்தன் எழுதியிருக்கான் ஐயா, ஜெரால்டு, எழுதினான், நான் பாத்தேன்.” பெரியவர் தேடி எடுத்துக் காட்டினார். வலது என்று எழுதி, நாலு கோடு போட்டு அடித்து, மேலே இடது என்று எழுதியிருந்தது. அந்தத் தாளின் மற்ற விடைகளையும் திருத்திக் கூட்டிவிட்டு, “இது ஒரே மார்க்ல பெயிலாகுது” என்றார் அவர், வேறு யாரிடமோ சொல்வதுபோல.

தட்டுகளைக் கழுவ வாளி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். ஜெரால்டு தூணில் சாய்ந்து நின்றான், முகம் வெளிறி, வாட்சைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக. இவனைக் கண்டதும் பக்கத்தில் வந்தான், குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணாச்சி, பதினாலு இடதுதான?”

“வலது.”

“நான் வலதுன்னுதான் முதல்ல போட்டேன்.”

“பாத்தேன். பிறகு எதுக்குடே அடிச்ச? எவன் சொன்னான் உனக்கு?”

“நீங்கதான்.”

“நான் எங்கல சொன்னேன்? வாயத் திறந்தேனா?”

“எழுதிட்டு உங்களைப் பாத்தேன்லா. பல்லைக் கடிச்சிக்கிட்டு முறைச்சீங்க. தப்புன்னு நினைச்சு அடிச்சிட்டேன்.”

வாளியைக் கீழே வைத்தான் தங்கப்பழம். கையிலிருந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது, யாரை என்று தெரியவில்லை. “குழாயைப் பாருன்னு சொல்லித் தந்திருக்கேன், பாத்துச் சரியாவும் எழுதியிருக்க, பிறகு எதுக்குல என் மூஞ்சியப் பாத்த?”

“வேற யாரு மூஞ்சிய அண்ணாச்சி பாக்கச் சொல்லுதீங்க, இந்த டிபார்ட்மெண்ட்ல?” என்றான் ஜெரால்டு.